சிக்னல் கோடு முழுசா இருக்கு, கால் மட்டும் போகலையா?

கேள்வி: போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. ஆனாலும் தினமும் நாலைந்து முறை, ஐந்து பத்து நிமிடத்துக்குக் கால் போவதில்லை, நெட்டும் வருவதில்லை. ஆன்டெனா மாற்றுங்கள், இல்லையென்றால் பூஸ்டர் மாட்டுங்கள் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பக்கத்து டவரின் அலை போனுக்கு எட்டுகிறது, அந்தக் கோடுகளுக்கு அவ்வளவுதான் அர்த்தம். டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஃபைபர் கேபிளைப் பள்ளம் தோண்டுகிறவர்கள் வெட்டிவிட்டால்கூடக் கோடுகள் அப்படியே நிற்கக்கூடும். சில சமயம் கோளாறு எங்கோ தொலைவில் இருக்கும். 2018 டிசம்பரில், மொபைல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் (தேதி போட்ட அனுமதிச் சீட்டு மாதிரி) காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. பிரிட்டனிலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கானோர் நெட்வொர்க் இல்லாமல் தவித்தார்கள். தேதி பார்க்க ஆளில்லாத இந்தத் துறைதான், நாம் புகார் சொன்னால் 'போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்கிறது!

பூஸ்டர் பக்கமே போகாதீர்கள். அனுமதியில்லாமல் விற்கும் மலிவு பூஸ்டர், சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். டவருக்கு மற்ற போன்கள் பேசுவது கேட்காது, வட்டாரத்துக்கே கால் கட்டாகும். உங்கள் தொல்லைக்கே யாரோ மொட்டைமாடியில் மாட்டிய பூஸ்டர் காரணமாக இருக்கலாம். பல நாடுகளில் இது குற்றம். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்; மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

நெட்வொர்க் திரும்பியதும் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் முட்டிமோதும். அந்த நேரத்தில் ஓடிபி கேட்டு அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பழையது தாமதமாக வந்து குழப்பும், பெரும்பாலும் கடைசியாகக் கேட்டதுதான் செல்லும்.

இதில் ஒன்றே ஒன்றுக்குப் பதற வேண்டும். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து ஆளுக்கு எல்லாம் வேலை செய்கிறது, உங்கள் போனில் மட்டும் 'நோ சர்வீஸ்' என்று நிற்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தும், சிம்மைக் கழற்றி மாட்டியும் வரவில்லை. உங்கள் பெயரில் யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். வங்கி ஓடிபி அவர் கைக்குப் போகும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தூங்கிவிடாதீர்கள். வேறு போனிலிருந்து முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், பிறகு சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வெறும் சிம் கோளாறு என்று தெரிந்தால் முடக்கியதை எடுக்கச் சொன்னால் போயிற்று. 'உங்க சிம்மை நாங்களே சரிசெய்கிறோம், வந்த நம்பரைச் சொல்லுங்க' என்று கூப்பிடுகிறவருக்கு எதையும் சொல்லாதீர்கள்.

உங்கள் தொல்லை அந்த வகையல்ல. கட்டாகும் நேரங்களை ஒரு வாரம் குறித்து, அந்தப் பட்டியலோடு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 'உங்கள் பகுதியில் குறை எதுவும் இல்லை' என்று குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை மூடினால், அதே எண்ணைச் சொல்லி மேல்முறையீடு செய்யுங்கள்.