பழைய பென்னி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டன் சந்தை ஒன்றில் பழைய பென்னிகளை, அதாவது பிரிட்டனின் பழைய வெண்கலக் காசுகளை, ஒரு பை நிறைய வாங்கினேன். முக்கால்வாசி ஐந்தாம் ஜார்ஜ் காசு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. எதை முதலில் பிரித்து வைப்பது?

பதில்: 1912, 1918, 1919 ஆண்டுக் காசுகளை முதலில் பொறுக்குங்கள். பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா என்ற பெண் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், ஆண்டுக்கு இடப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'எச்' (H) எழுத்து இருந்தால் பர்மிங்காமில் ஹீட்டன் ஆலை அடித்தது. 'கேஎன்' (KN) இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் உலோக நிறுவனம் அடித்தது. லண்டன் நாணயச்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது வெளியே கொடுத்து வாங்கியவை இவை. எழுத்துள்ள 1912 காசுகளில் எச் மட்டும்தான் உண்டு, அது எளிதில் கிடைக்கும். 1918, 1919இல் இரண்டும் உண்டு. தேய்மானம் குறைந்த 1919 கேஎன் கிடைத்தால் விடாதீர்கள். எழுத்து மிகச் சிறியது. விளக்கை நேர் மேலே பிடித்தால் கண்ணில் படாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

பையில் விக்டோரியா காசும் இருந்தால் எழுத்தின் இடம் மாறும். 1874, 1875, 1876, 1881, 1882 காசுகளில் எச் ஆண்டுக்கு நேர் கீழே இருக்கும். 1882இல் கதை தலைகீழ்: எச் இல்லாததுதான் அரிது. அதனாலேயே எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. ஆண்டுக்குக் கீழே மட்டும் தளம் லேசாகக் குழிந்தோ, நிறம் மாறியோ இருந்தால் அந்தக் காசை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: 1921 பென்னியில் அரசரின் முடி தெளிவாக இருக்கிறது. ஆனால் பிரிட்டானியாவின் முகம் மழுங்கி, பின்னால் ஏதோ நிழல் விழுந்ததுபோல் தெரிகிறது. போலியா?

பதில்: போலி இல்லை. அந்த நிழல் அரசர் தலையின் விளிம்புதான். சிற்பி பெர்ட்ராம் மெக்கென்னல் செதுக்கிய அந்தத் தலை பெரியது, மேடும் அதிகம். அச்சு இறங்கும்போது உலோகம் அச்சில் தலைக்கான பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். மறுபக்கம் பிரிட்டானியாவை நிரப்பப் போதுமான உலோகம் மிஞ்சாது. ஆகவே இந்த ஆண்டுக் காசுகளின் தரத்தைப் பிரிட்டானியாவின் முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காதுக்கு மேலுள்ள முடியிழைகளைப் பாருங்கள்.

இந்தக் குறையைச் சரிசெய்ய 1926இல் தலையைத் திருத்தினார்கள், 1928இல் அளவையும் குறைத்தார்கள். இதில்தான் ஒரு நல்ல வேட்டை இருக்கிறது. 1926 பென்னிகளில் பெரும்பாலானவை பழைய தலை, கொஞ்சம் மட்டும் திருத்திய தலை. கழுத்து வெட்டில் உள்ள 'பிஎம்' (BM, மெக்கென்னலின் பெயரெழுத்துகள்) எழுத்துகளைப் பாருங்கள்: பழையதில் எழுத்துகளுக்குப் புள்ளி உண்டு, திருத்தியதில் புள்ளி இல்லை, எழுத்துகள் வலப்புறம் தள்ளி நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு 1927 பென்னியைப் பக்கத்தில் வையுங்கள். அந்த ஆண்டு முழுக்கத் திருத்திய தலைதான், விலையும் மலிவு.

கேள்வி: காசுகளைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளியின் அமிலம் பல பத்தாண்டுகளில் படிந்த பழுப்புத் தோலை உரித்துவிடும். அடியிலிருந்து வருவது இளஞ்சிவப்பான, உயிரற்ற நிறம், சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். 1944 முதல் 1946 வரையிலான பென்னிகளை நாணயச்சாலையே வேதிப்பொருள் கொண்டு கறுப்பாக்கி வெளியிட்டது. கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்த்தவர்களால் எத்தனையோ நல்ல காசுகள் பாழாயின.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான ஏசிட்டோன் என்ற கரைப்பானைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஒரு மணி நேரம் மூழ்க வைத்து எடுங்கள். தேய்க்காமல் காற்றில் உலர விடுங்கள். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி உதவாது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் அந்தக் காசை உடனே தனியே பிரியுங்கள். உள்ளே புகுந்த குளோரைடு ஈரம் பட்டால் தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, சில வாரம் கழித்து நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். வழவழப்பான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் போடாதீர்கள்.