வலிக்காத புண்: ஆந்த்ராக்ஸ் கேள்வி பதில்

ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோயான ஆந்த்ராக்ஸ் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துவிட்டேன். நான் மனிதர்களுக்குப் பார்க்கிற பொது மருத்துவன். மாட்டுக்கு மருந்து கேட்டவர்கள் கோபிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

டாக்டர், எங்க பக்கம் அடைப்பான்னு சொல்றதும் ஆந்த்ராக்ஸும் ஒண்ணா? (ஆடு வளர்ப்பவர்)

ஒன்றுதான். ஆனால் தொண்டை அடைப்பான் வேறு கிருமி, சப்பை நோயும் வேறு. நேற்றுவரை நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழுந்து சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். உடம்பு விறைக்காது. அப்படி இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். உடலைத் திறக்காதவரை கிருமி பெரும்பாலும் அழுகலோடு அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டதும் ஸ்போராக, அதாவது வித்தாக மாறி மண்ணில் படுத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் படுத்திருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஸ்காட்லாந்துப் பக்கம் குருய்னார்ட் என்றொரு தீவு. 1942-இல் பிரிட்டன் அங்கே செம்மறி ஆடுகளை வைத்து ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தது. 1986-இல் கடல்நீரில் ஃபார்மலின் கலந்து நிலத்தைக் கழுவி, 1990-இல்தான் இனி ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

சார், அப்பாவுக்கு முன்கையில கொப்புளம் வந்து கறுத்துப் போச்சு. வலியே இல்லைங்கிறார். போட்டோ அனுப்பியிருக்கேன். பயப்படணுமா?

போட்டோவைப் பார்த்து நோய் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் 'வலியே இல்லை' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செத்த ஆட்டை உரித்தாரா, தோலைக் கையாண்டாரா என்று கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒருவர் பூச்சிக்கடி என்றே நினைத்திருந்தார். முதல் நாள் கொசு கடித்தது போலச் சின்னத் தடிப்பு, அரிப்பு. இரண்டு நாளில் நீர் கோத்த கொப்புளம். அது உடைந்து நடுவில் குழி விழுந்து, நான் பார்த்தபோது எட்டணா அளவுக்குக் கரி போன்ற பொருக்கு, சுற்றிலும் பொடிக் கொப்புளங்கள். புண் அவ்வளவுதான், வீக்கமோ மணிக்கட்டிலிருந்து தோள்வரை. விரலால் அழுத்தினேன், வலிக்கிறதா என்றேன், சிரித்தார். சீழ் வைத்த புண்ணாக இருந்தால் கையைத் தொடவே விட்டிருக்க மாட்டார். கிரேக்கத்தில் ஆந்த்ராக்ஸ் என்றால் கரி. பெயர் வைத்தவன் இந்தப் புண்ணைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.

மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இந்தத் தோல் வகைதான். மருந்து கொடுக்காவிட்டால் பத்துப் பேரில் ஒருவர், சில சமயம் இருவர் இறக்கலாம். கொடுத்தால் நூறில் ஒருவர்கூட இறப்பது அரிது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் இரண்டும் கேட்கும். இயற்கையாக வரும் கிருமிக்குப் பெரும்பாலும் பென்சிலினே போதும், ஏழு முதல் பத்து நாள். முதல் மாத்திரைக்கு முன்பே புண்ணிலிருந்து மாதிரி எடுத்துவிட வேண்டும், மருந்து விழுந்து ஒரு நாள் ஆனால் கிருமி பிடிபடாது. யாராவது 'கீறி விடலாம்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நஞ்சு ஏற்கெனவே வேலை செய்துவிட்டதால், மருந்து ஆரம்பித்த பிறகும் பொருக்கு தன்போக்கில் கறுத்துத்தான் விழும்.

ஒரு பாக்டீரியா இவ்வளவு வேகமா ஆளை எப்படிக் கொல்லுது? (இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ்)

கிருமி தனக்கு ஓர் உறை போட்டுக்கொள்வதால் வெள்ளணுக்களால் விழுங்க முடிவதில்லை. பிறகு மூன்று நஞ்சுப் புரதங்களை விடுகிறது. முதலாவது திருடனுக்கு ஏணி போடுகிறவன்: செல்லின்மேல் ஒட்டி, ஏழெட்டாகச் சேர்ந்து வளையமாகி, உள்ளே துளை போடும். அந்த வழியாக மற்ற இரண்டும் நுழையும். ஒன்று, செல்லுக்குள் சைகை காட்டும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைக் கண்டபடி ஏற்றி நீர் கோக்க வைக்கும். தோள்வரை வீங்கியது அதனால்தான். இன்னொன்று செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதங்களை நறுக்கிவிடும். எதிர்ப்புச் சக்தி ஊமையாகும், ரத்த அழுத்தம் விழும்.

ரத்தத்தில் நஞ்சு நிறைந்துவிட்டால் கிருமியைக் கொன்றும் பயனில்லை. அதனால் நோய் உடம்பெங்கும் பரவியவர்களுக்கு, கொல்லும் மருந்தோடு கிளிண்டாமைசின் அல்லது லினசோலிட் சேர்க்கிறோம். நஞ்சு தயாராவதையே அது நிறுத்தும். வெளிவந்துவிட்ட நஞ்சைப் பிடிக்க ராக்ஸிபாகுமாப் போன்ற எதிர்நஞ்சுகள் உண்டு. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நம் வார்டு அலமாரியில் தேடாதீர்கள்.

அறுபது நாள் மாத்திரைன்னு படிச்சேன். நீங்க ஏழு, பத்துங்கிறீங்களே?

அறுபது நாள், வித்தை மூச்சில் இழுத்தவர்களுக்கு. வித்து நுரையீரலில் முளைப்பதில்லை. அங்கே ரோந்து வரும் செல் அதைக் குப்பை என்று தூக்கி, நெஞ்சின் நடுவே உள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும். அங்கே போய்த்தான் முளைக்கும். முதலில் சாதாரண ஃப்ளூ போலக் காய்ச்சல், உடல்வலி. பிறகு மளமளவென்று மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போவார்கள். எக்ஸ்ரேயில் நிமோனியாவை விட, நடுநெஞ்சு அகன்றிருப்பதும் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதும்தான் கண்ணில் படும். அந்த நீரை வடித்தால் நஞ்சும் கொஞ்சம் வெளியேறும்.

எல்லா வித்தும் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதுதான் சிக்கல். 1979-இல் சோவியத் ரஷ்யாவின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ராணுவ ஆய்வகத்திலிருந்து வித்து கசிந்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலர் ஆறு வாரம் கழித்துத்தான் படுத்தார்கள். தூங்கும் வித்தை மாத்திரை தொடாது, முளைத்த பிறகே கொல்லும். 2001-இல் அமெரிக்காவில் கடிதத்தில் ஆந்த்ராக்ஸ் வித்துப் பொடி வந்தபோது 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம். இறந்த ஐவருக்கும் மூச்சு வழி வந்ததுதான். பொடி பட்டிருக்கலாம் என்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுபது நாள் மருந்து சொன்னதும் அப்போதுதான்.

நோயாளியைத் தனி அறையில் வைக்கணுமா? மேடமெல்லாம் பயப்படுறாங்க. (ஸ்டாஃப் நர்ஸ்)

தனி அறை தேவையில்லை சிஸ்டர். இருமல் வழியாக ஆளுக்கு ஆள் பரவாது. புண்ணின் நீர் படாமல் கையுறை போதும், கட்டுத்துணியை எரித்துவிடச் சொல்லுங்கள். கைக்கு சானிடைசர் பூசிவிட்டுப் போகாதீர்கள், ஆல்கஹால் வித்தைக் கொல்லாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான்.

உங்கள் டாக்டரிடம் இன்னொன்றும் காதில் போடுங்கள். ஆந்த்ராக்ஸ் சிலருக்கு மூளைக்காய்ச்சலாகவும் மாறும். மூளைக்காய்ச்சல் என்றதும் கை தானாக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குப் போகும். ஆந்த்ராக்ஸுக்கு அது கேட்காது. முதுகுத்தண்டு நீர் ரத்தமாக வந்து, நுண்ணோக்கியில் மூங்கில் கணு போலக் கோலாகக் கோத்த கிருமி தெரிந்தால் மருந்தை மாற்றியாக வேண்டும். இவ்வகையில் பிழைப்பவர்கள் குறைவு, பாதி நாள்கூடப் பொன்.

மனிதருக்குத் தடுப்பூசி உண்டா?

உண்டு. ராணுவத்தினர், ஆய்வகத்தில் இதே கிருமியோடு வேலை செய்பவர்களுக்கு. உங்களுக்கும் எனக்கும் வேண்டாம். மாட்டுக்குப் போடுங்கள், ராணிப்பேட்டையிலேயே தயாரிக்கிறார்கள்.

ஐயா, செத்த மாட்டுக் கறியை ஊரே பங்கு போட்டுச் சமைச்சோம். நல்லா வேக வெச்சோம். நாலு நாள் ஆச்சு. இப்பதான் அது அடைப்பானா இருக்கும்னு சொல்றாங்க.

வேகவைத்ததை நம்ப வேண்டாம். ஒரு வாரம்வரை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். வயிற்றுவலி, ரத்த வாந்தி, ரத்தபேதி, வயிறு உப்புதல், சிலருக்குத் தொண்டைப் புண்ணோடு கழுத்து வீக்கம். ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே போங்கள், தடுப்பாக மாத்திரை கொடுக்கலாம். தின்றவர்கள் மட்டுமல்ல, உரித்தவர், வெட்டியவர், தோலை வாங்கிப்போனவர் எல்லோரையும் கூட்டிப் போங்கள். ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தால் தெருநாய்க்குப் போடாமல், கால்நடை மருத்துவர் வரும்வரை கட்டித் தனியே வையுங்கள். ஓபி சீட்டு எழுதும் இடத்திலேயே 'வயித்துவலி' என்று மட்டும் சொல்லி வரிசையில் நின்றுவிடாதீர்கள். 'செத்த மாட்டுக் கறி தின்னோம்' என்பதை முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் அவர்கள் ஜெலூசில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.