கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்
வாசகர் கேள்விகளும் ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்களும்

கேள்வி: ஐயா, என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் கார். ஐந்து கியர், ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம். நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கின்றன. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று உரசுகிறது. ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாலும் ஒரு உரசல். 'கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்றுவதுதான் வழி' என்கிறார்கள். இதே மாடலின் டீசல் வண்டியில் கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. அவற்றில் ஒன்றுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

நின்ற இடத்தில் விழாததை முதலில் பார்ப்போம். இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தால் லீவரும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. அப்போதும் இறுகினால் கேபிள், புஷ், லீவரின் அடிப்பகுதி இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை ரிங், கிடையாது. உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் ரிவர்ஸ் உரசியே தீரும். பத்து எண்ணிய பிறகும் உரசினால், கிளட்ச் பிளேட் விலகாமல் இன்ஜினோடு ஒட்டிச் சுற்றுகிறது என்று அர்த்தம். அது கிளட்ச் கோளாறு. உடனே போட்டால் உரசி, காத்திருந்து போட்டால் சத்தமில்லாமல் விழுகிறதா? அப்படியானால் கிளட்ச் விலகுகிறது, ஷாஃப்ட் நிற்க நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கிளட்ச் என்று தெரிந்தால், அது ஆயிலில் இயங்கும் கிளட்சாக இருந்தால், இன்னொன்றையும் செய்யுங்கள். பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துவிட்டுக் கியரைப் போடுங்கள். இப்போது விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலோ கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கலாம், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் தெரியலாம். பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து கிடக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அதனாலேயே பெடல் முழுக்க இறங்காமல் பட்டறைக்கு வந்த வண்டிகள் உண்டு.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. தொழில் கற்ற புதிதில், சோதிக்காமல் ஒரு வாடகை வண்டியின் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். பித்தளை ரிங்குகள் எல்லாம் புதிதுபோல் கூர் குறையாமல் இருந்தன. கோளாறு ஸ்லேவ் சிலிண்டரில், ஒரு சின்ன ரப்பரில். அந்த டிரைவருக்கு நான்கு நாள் ஓட்டம் போனது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அதன் பிறகு இந்தச் சோதனை முடியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை.

இனி மூன்றிலிருந்து இரண்டு. ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால் அதன் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை, கூம்பு வடிவப் பித்தளை ரிங் பிடித்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பற்கள் சேர வேண்டும். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது வேக வித்தியாசமும் அதிகம், ஊர் ஓட்டத்தில் போடும் தடவையும் அதிகம். அதனால் பெரும்பாலும் அந்த ரிங்தான் முதலில் தேயும். இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டு. இப்போது சத்தமின்றி விழுந்தால் ரிங்தான்.

அதற்கும் முன்னால் ஆயில். கையேட்டில் ஜிஎல்-4 என்ற ஆயில் வகை சொல்லியிருக்கும் கியர்பெட்டியில் யாராவது ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரட்டிப்பு. கிரௌன் பினியனுக்கு அது நல்லது, ஆனால் பல பெட்டிகளில் பித்தளைக்கு ஆகாது. வழவழப்பில் ரிங்கின் பிடிப்பும் குறையும். 'நம்பர் கூடினால் தரம் கூடும்' என்று நினைத்து ஊற்றுபவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம். ஆயிலை வடித்து வெயிலில் பாருங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. தங்கப்பொடி தூவியதுபோல் மின்னினால் ரிங் கரைகிறது. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

எல்லாம் பார்த்து, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டீசல் பெட்டியை வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாடல் பெயரும் வருடமும் சேர்ந்தால் போதாது. பெட்டியின் மேல் வார்த்தோ, பொறித்தோ, ஒட்டியோ இருக்கும் குறியீடுதான் பேச வேண்டும். உங்கள் பெட்டியில் அழுக்கைத் துடைத்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

முன்சக்கர வண்டியில் சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்விகிதம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றி அதிகம் இழுப்பது என்பதால் அதற்கு அந்த விகிதம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். உதாரணமாக, பெட்ரோலுக்கு 4.1, டீசலுக்கு 3.6, ஐந்தாம் கியர் இரண்டிலும் 0.8, டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் உங்கள் இன்ஜின் சுமார் 3,040 சுற்று சுற்றும். டீசல் பெட்டியோடு சுமார் 2,670. நிறுத்தி எடுக்கும்போதும் மேட்டிலும் வண்டி திணறும், நீங்கள் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவீர்கள், புதுப் பிளேட்டும் சீக்கிரம் போகும்.

தரையில் கிடக்கும் பெட்டியிலும் விகிதத்தை அளக்கலாம். உங்கள் வண்டிக்கு வாங்கும் புதுக் கிளட்ச் பிளேட்டை எடுத்துப்போய் அந்தப் பெட்டியின் ஷாஃப்ட்டில் செருகுங்கள். தடையில்லாமல் ஏறினால் ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்ட்டின் மேலுள்ள நீளவாட்டுப் பற்கள், சரி. அதையே கைப்பிடியாகக் கொண்டு முதல் கியரில் சுற்றுங்கள். முதல் கியர் 3.5, கடைசி விகிதம் 4.1 என்றால், இரு பக்க ஆக்ஸிலும் ஒரு சுற்று வர ஷாஃப்ட் 14 சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் மறுபக்கம் இரட்டை வேகத்தில் சுற்றும். அப்போது 7 சுற்றுக்குச் சற்று மேல். கடைசி விகிதம் 3.6 என்றால் 6.3 சுற்று.

ஆக்ஸில் முனைப் பற்கள், பெல் ஹவுசிங் போல்ட் துளைகள், ஸ்டார்ட்டர் உட்காரும் இடம், மவுண்ட் துளைகள், ஸ்பீடோமீட்டருக்குக் கேபிளா சென்சாரா, கிளட்ச் கேபிளா ஆயிலா, கியர் கேபிள் பிடிக்கும் பிராக்கெட், ரிவர்ஸ் லைட் சுவிட்சின் பின் எல்லாவற்றையும் பழையதன் படத்தோடு ஒப்பிடுங்கள். இவற்றில் சிலவற்றைப் பழைய பெட்டியிலிருந்து மாற்றிப் பூட்டலாம். ஸ்ப்லைனும் போல்ட் துளையும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

இறக்கிய கையோடு, கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கையும் இன்ஜின் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஏற்றும்போது பெட்டியின் பாரம் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கக் கூடாது, ஜாக் தாங்க வேண்டும். தொங்கவிட்டுப் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்தால் கிளட்ச் விலகாது, நீங்கள் எழுதிய அதே கரகரப்போடு வண்டி வெளியே வரும்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது 'ஙொய்' என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ரிலீஸ் பேரிங் மாற்றியும் போகவில்லை.

பதில்: போகாது, அம்மா. ரிலீஸ் பேரிங் போயிருந்தால் மிதிக்கும்போது சத்தம் வரும். மிதித்தால் நிற்கிறது என்றால், மிதித்ததும் நின்றுபோகும் ஷாஃப்ட்டின் பேரிங் அது, பெட்டிக்குள் இருக்கிறது. முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், மட்டத் துளை விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பி, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். சத்தம் நாளுக்கு நாள் ஏறினால் தள்ளிப்போடாமல் பேரிங்கை மாற்றிவிடுங்கள். அதன் துகள் ஆயிலோடு சுற்றி மற்ற பற்களையும் கெடுத்துவிடும். உங்கள் பெட்டியை மாற்ற வேண்டாம், பேரிங் போதும்.

கேள்வி: மேட்டில் ஆக்சிலேட்டரை விட்டால் நான்காம் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

பதில்: இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் மிதித்து விடும்போது இன்ஜின் ஆடி லீவரை இழுத்துவிடும். மவுண்ட் நன்றாக இருந்தால் லீவர் இணைப்பின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கியர் முழு ஆழத்துக்கு விழாவிட்டாலும் தெறிக்கும். இரண்டும் சரி என்ற பிறகே உள்ளே கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும், கியரைத் தள்ளும் ஃபோர்க்கும், பல்லின் தேய்மானமும். அதுவரை லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், ஃபோர்க் தேய்ந்துவிடும்.