ஜி.எஸ். வாசலில் என்ன வெட்கம்?

கேள்வி: மகளுக்குப் பேராதனையில் விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. எங்கள் இரண்டு பக்கத்திலும் கம்பஸ் போகும் முதல் பிள்ளை இவள்தான். தூர இடத்தில் தனியே எப்படிச் சமாளிப்பாள் என்று எனக்கு நித்திரையே இல்லை. கணவர் கடற்றொழில். மகாபொல உதவிப்பண விண்ணப்பம் இன்னும் நிரப்பவில்லை. அதில் வருமானத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டிய எங்கள் ஜி.எஸ். (கிராம சேவையாளர்) இவரோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அதனால் அங்கே போகத் தயங்குகிறார். என் காப்பை அடகு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பிள்ளையைத் துணிந்து அனுப்பலாமா?
— ஒரு தாய், திருக்கடலூர்

பதில்:

தங்கச்சி, அனுப்பலாமா என்பது ஒரு கேள்வியே இல்லை. உயர்தரத்தில் இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்குப் பஸ் பிடிக்கவும் சோறு வாங்கிச் சாப்பிடவும் தெரியும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரியைத்தான் நான் மூன்று தரம் வாசித்தேன். ஜி.எஸ். கூடப் படித்தவராம், அதனால் இவர் போகவில்லையாம்.

அடகுக் கடையில் மனைவியின் காப்பைக் கழற்றி வைக்க வராத வெட்கம், மகளுக்காக ஒரு கையெழுத்துக் கேட்க மட்டும் எங்கிருந்து வருகிறது?

எனக்கு விளங்காமல் இல்லை. ஒரே வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் வள்ளம் ஏறினார், மற்றவர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார். அந்த மேசைக்கு முன்னால் நின்று, 'எனக்கு மாதம் இவ்வளவுதான்' என்று சொல்ல நாக்கு எழாது. அந்த நோவு பொய்யில்லை. ஆனால் அது தகப்பனுடைய நோவு. அதைச் சுமக்க வேண்டியவரும் அவர்தான். மகள் தலையில் இறக்கி வைக்க அவருக்கு உரிமை கிடையாது.

பிள்ளைகளுக்கு இந்தத் தாள்களை நிரப்பிக் கொடுத்த நாட்களில், மாத வருமானம் என்ற கட்டத்தை அழிறப்பரால் அழித்து அழித்து, தாள் நைந்து ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கௌரவத்துக்காகக் கூட்டி எழுதிய தகப்பன்மாரும் உண்டு. கூட்டி எழுதினால் உதவி கை நழுவும். சம்பளச் சீட்டு இல்லாத கடற்றொழிலாளிக்கு ஜி.எஸ். எழுதுவதுதான் அத்தாட்சி, அதற்கு மேல் பிரதேச செயலகத்தின் ஒப்பம்.

இது பிச்சைக் காசு என்று அவர் நினைத்தால் இதைச் சொல்லுங்கள். 1981இல் தொடங்கிய மகாபொல நிதியத்துக்கு லொத்தர் வருமானத்திலிருந்தும் பங்கு போகிறது. நீங்கள் வாங்கும் சவர்க்காரத்துக்கும் 18 வீத வற் வரி கட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து போன காசு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கம்பஸ் அனுமதியையே பாருங்கள். அனேகமான பீடங்களில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை எடுக்க யாராவது வெட்கப்பட்டார்களா?

காசு போதுமா என்றால், போதாது. 5,000 ரூபாவாக இருந்த மகாபொலவை 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். இன்றைய விலைவாசியில் ஒரு பிள்ளையின் மாதச் சாப்பாட்டுக்கே அது காணாது. இன்னும் கூட்டித் தர வேண்டியது அரசாங்கத்தின் கடமை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் விண்ணப்பமே போடாத வீட்டுக்கு அதைக் கேட்க வாயில்லை. முதல் தவணை வரச் சுணங்கும், காப்பை அதுவரை பத்திரமாக வையுங்கள்.

உங்களிடமும் எனக்குக் கோபம்தான். இரவு முழுக்க முழித்திருக்கிறீர்கள், பகலில் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைக்கவில்லை. ஜி.எஸ். அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டு, முடிவுத் திகதிக்கு முன்னம் அவரை அனுப்புங்கள். மகளும் கூடப் போகட்டும். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் கடற்றொழில் என்று அவரே தன் கையால் எழுதட்டும், பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.