இலங்கை அண்ணனுக்குப் பெங்களூரில் ஆபரேஷன்: பணத்தை என் கணக்கில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் பீன்யாவில் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீராமபுரத்தில். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அம்மா குடும்பம் இந்தியா வந்துவிட்டது. பெரியம்மா மட்டும் ஹட்டனிலேயே தங்கிவிட்டார். அவர் மகன், எனக்கு அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 58. அவருக்கு பைபாஸ் செய்து, வால்வும் மாற்ற வேண்டுமாம். இங்கே ஒரு மருத்துவமனை 5.80 லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறது. அண்ணனிடம் 14 லட்சம் இலங்கை ரூபாய் இருக்கிறது, நம் பணத்தில் சுமார் 4 லட்சம். கத்தாரில் வேலை பார்க்கும் அவர் மகள் 1 லட்சம் தருவாள். எல்லாவற்றையும் என் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், நீயே கட்டிவிடு என்கிறார். குறைகிற பணத்துக்கு நான் பர்சனல் லோன் எடுக்கலாமா? என் கம்பெனி மெடிக்ளெய்மில் அவரைச் சேர்க்க முடியுமா? எனக்கு எஃப்.டி. 4 லட்சம், பிபிஎஃப் 3 லட்சம். மகன் பி.யூ.சி. முதலாண்டு (பதினோராம் வகுப்பு) படிக்கிறான்.

பதில்: மெடிக்ளெய்மில் சேர்க்க முடியாது. அவருக்காக நீங்கள் செலவழிப்பதற்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. பர்சனல் லோனும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டாம். அண்ணனின் வங்கியிலிருந்து நேராக மருத்துவமனையின் கணக்குக்கே போகட்டும். பெரியம்மா மகன் நமக்குக் கூடப் பிறந்த அண்ணன் மாதிரிதான். ஆனால் வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவர் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவரிடமிருந்து ஒரே ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், மொத்தத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். இது அன்பளிப்பு இல்லை, வைத்தியச் செலவு என்று ரசீதுகளைக் காட்டி விளக்கலாம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து 5 லட்சம் வந்ததற்கு வருடங்கள் கழித்து நோட்டீஸ் வந்தால், பதில் சொல்லிக்கொண்டு அலையப் போவது நீங்கள். மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதத்தை இணைத்தால் இலங்கை வங்கியில் அனுப்புகிற வேலையும் சுலபம். பணம் மிஞ்சினால் எந்தக் கணக்குக்கு, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை இப்போதே மின்னஞ்சலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

டாலராகக் கையில் எடுத்து வரும் யோசனையும் இருக்கும். நோட்டாக 5,000 டாலருக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அதோடு, ஒரு சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டினாலும் சிகிச்சை ஒன்றுதான், விதியும் அதேதான்.

அடுத்து அந்த 5.80 லட்சம். அதை முழுச் செலவு என்று நம்பி இறங்காதீர்கள். ஐசியூவில் எத்தனை நாள், வார்டில் எத்தனை நாள், வால்வின் விலை உள்ளே இருக்கிறதா, ரத்தத்துக்கும் ஆபரேஷனுக்கு முந்தைய ஆஞ்சியோ, எக்கோவுக்கும் தனிப் பில்லா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெளிநாட்டு நோயாளிக்குத் தனிக் கட்டணமா என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். ஐசியூ அல்லாத அறைக்கு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஜெனரல் வார்டு போதும் என்றால் அதற்கான எஸ்டிமேட்டையும் வாங்குங்கள். ஏஜென்ட் மூலம் வந்த எஸ்டிமேட் என்றால், வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு நீங்களே எழுதி இன்னொன்று வாங்குங்கள். பெங்களூரின் அரசு இதய மருத்துவமனையான ஜெயதேவாவிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் விசாரியுங்கள். எது எப்படியோ, நான் கால்பங்கு கூட்டித்தான் கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்தால் 7.25 லட்சம். கையில் இருப்பது 5. ஆபரேஷனுக்கு முன்பே 2.25 லட்சம் குறைகிறது. இலங்கை ரூபாய் விழுந்தால் இன்னும் குறையும். 2022இல் 200 ரூபாயாக இருந்த டாலர் இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆபரேஷன் தேதி உறுதியானதும் பணத்தை அனுப்பிவிடுவது நல்லது.

இங்கேதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. அட்மிஷன் நேரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தத் தாளில் 'பில் தொகைக்கு நான் பொறுப்பு' என்ற வரி இருந்தால், ஐசியூவில் பத்து நாள் கூடினாலும் அது உங்கள் கடன். தொடர்புக்கு உரியவராகக் கையெழுத்துப் போடுங்கள். பணத்துக்குப் பொறுப்பு அவர் மகள் ஏற்கட்டும். மருத்துவ விசா வாங்கும் நோயாளியோடு இரண்டு பேர் உதவியாளர் விசாவில் வரலாம், அவளும் அதில் ஒருத்தியாக வரட்டும். அட்மிட் ஆன பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை இடைக்கால பில் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்கு எவ்வளவு? எஃப்.டி.யிலிருந்து 1.5 லட்சம் என்று முடிவு செய்து, அண்ணன் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வராது, தெரியும். ஆனால் ஐசியூ வாசலில் நின்றுகொண்டு தொகை பேசுவது அதைவிடக் கொடுமை. எஃப்.டி.யை உடைத்தால் வட்டி நஷ்டம் அதிகம் என்றால் அதன்மேல் கடன் வாங்குங்கள், பர்சனல் லோனைவிட வட்டி மிகக் குறைவு. பிபிஎஃப் பக்கம் போக வேண்டாம். இரண்டு வருடத்தில் மகன் கல்லூரியில் சேர வேண்டும், பர்சனல் லோன் தவணை அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் 1.5 போக இன்னும் 75,000 குறைகிறதே என்பீர்கள். அது எங்கிருந்து வரும் என்று தெரியாமல் அவர் விமானம் ஏறக் கூடாது. இலங்கையில் ஜனாதிபதி நிதியம் மருத்துவ உதவி தருகிறது. வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அக்கறையோடு கேட்கிறேன்: கொழும்பு அரசு மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்களா? அங்கே சிகிச்சை இலவசம். காத்திருக்கும் காலம் பாதுகாப்பானது என்று இதய மருத்துவர் சொன்னால், நான் கொழும்பையே சொல்வேன். காத்திருக்க முடியாது என்றால் மட்டும் பெங்களூர்.

வருவதானால் டூரிஸ்ட் விசா வேண்டாம். இ-மெடிக்கல் விசா 60 நாள்தான், அதனால் டிக்கெட்டை ஆபரேஷன் தேதியை ஒட்டிப் போடுங்கள். உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிப்பது உங்கள் கடமை. நாள் நீண்டால் விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு அதே தளத்தில் விண்ணப்பியுங்கள், சாந்திநகர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை.

வால்வு எந்த வகை என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். திசு வால்வுக்கு அந்தச் செலவு குறைவு, ஆனால் பிற்காலத்தில் மாற்ற வேண்டி வரலாம். எது பொருந்தும் என்பது டாக்டர் முடிவு. ஹட்டன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் அந்த மாத்திரையும் பரிசோதனையும் கிடைக்குமா என்பதை மட்டும் அண்ணன் புறப்படும் முன் விசாரித்து வைக்கட்டும்.