தேவனைக் கனப்படுத்தும் கிறிஸ்தவ வாழ்க்கை அன்றாடத்தில் எப்படி இருக்கும்?

ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் தெரியும், அன்றாட வாழ்க்கையில் தேவனை எப்படிக் கனப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எங்கள் வீட்டு வேலியைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். நான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பிறந்தவன்; தென்னிந்திய திருச்சபையின் யாழ் ஆதீனத்தைச் சேர்ந்த குடும்பம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து, எங்கள் பகுதியான வலிகாமத்துச் சனம் முழுவதும் கிழக்கே தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடிந்துவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வளவைச் சுற்றி வேலி இல்லை. வேலிக்கு நட்டிருந்த உயிர்க்கம்புகளான கதியால்களை யாரோ விறகுக்கு வெட்டியிருந்தார்கள். பக்கத்து வளவுக்காரர் வன்னிக்குப் போய், பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா புதிதாகக் கதியால் நட்டார். நட்டபோது அவர்களுடைய பக்கம் மூன்றடி தள்ளி நட்டார். நூறடி நீளத்துக்கு மூன்றடி என்றால் யாழ்ப்பாணத்து நில அளவில் ஏறக்குறைய இரண்டு குழி. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. அந்தத் துண்டில் இரண்டு தென்னையும் நின்றன. "அவையள் இனி வரமாட்டினம்" என்றார், அவ்வளவுதான். அப்பா கெட்டவரல்ல. தசமபாகம் தவறாதவர், விடிய எழும்பி முழங்காலில் நிற்பவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2012இல் பக்கத்து வளவு அன்ரி கனடாவிலிருந்து வந்தார். வேலியைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஒரு சொல் சொல்லவில்லை.

2018இல் அப்பா காலமானார். அடுத்த லெந்து காலத்தில், அதாவது உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலத்தில், ஆலயத்தில் திருவிருந்துக்கு எழும்ப வேண்டிய நேரம், மத்தேயு 5:23, 24 நினைவுக்கு வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற பகுதி. அதில் நான் அதுவரை கவனிக்காதது ஒன்றிருந்தது. உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்றல்ல, உன்பேரில் அவனுக்குக் குறை இருந்தால் என்றுதான் இயேசு சொல்கிறார். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து உபாகமம் 27ஐத் திறந்தேன். அயலவனின் எல்லைக்குறியை நகர்த்துகிறவனுக்குச் சாபம் என்று அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை மறைவாகச் செய்யக்கூடிய பாவங்கள். ஊருக்குத் தெரியாமல் போகலாம், ஜெபம் செய்கிற மனிதனின் வீட்டிலும் இருக்கலாம்.

பழைய ஏற்பாட்டில் மகிமை என்று வருகிற எபிரேயச் சொல் 'காவோத்'. அதன் வேருக்குப் பாரம் என்று பொருள். தமிழிலும் கனம் என்றால் பாரம், மரியாதை இரண்டும்தானே. மூன்றடி நிலம் ஒரு தட்டில், தேவனுடைய சொல் மறுதட்டில் என்று வைத்தால், இருபத்துமூன்று வருடமாக எங்கள் வீட்டில் நிலத்தின் பக்கம்தான் தாழ்ந்திருந்தது. பாட்டுப் பாடும்போது மட்டும் அவருக்குக் கனம் கொடுத்தோம். சீதனம் பேசும்போதும் சாதி பார்த்துச் சம்பந்தம் தேடும்போதும் நம்மவர்கள் எதைப் பாரமாக வைக்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்ரி சைவம். இது சபைக்குள்ளே மட்டும் செல்லும் சட்டமா என்று அண்ணை லண்டனிலிருந்து கேட்டார். கோபத்தில்தான் கேட்டார், காணி விலை அப்படி. புசித்தாலும் குடித்தாலும் எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யச் சொல்கிற 1 கொரிந்தியர் 10:31ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அடுத்த வசனத்தை யாரும் சொல்வதில்லை. யூதருக்கும் கிரேக்கருக்கும் சபைக்கும் இடறலாக இருக்காதே என்கிறது அது. சபைக்கு வெளியே இருப்பவர்களைத்தான் பவுல் முதலில் எண்ணுகிறார்.

காணி உறுதியை எடுத்து, நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்த பிறகுதான் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"தம்பி, நான் வந்த அண்டைக்கே கண்டிட்டன். என்ரை அம்மாவைச் சைக்கிள் கரியரில வைச்சு நாவற்குழிப் பாலத்தால தள்ளிக்கொண்டு போனது உங்கடை அப்பாதானே. நான் எந்த வாயால கேக்கிறது?"

அதை அப்பா எங்களுக்குச் சொன்னதே இல்லை. அந்த மனிதரும் வேலியைத் தள்ளி நட்ட மனிதரும் ஒருவர்தான். அதை நினைத்து நான் பல நாள் அழுதிருக்கிறேன்.

வேலியை மாற்றி அடைத்தோம். ஆனால் லூக்கா 19இல் வருகிற ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றவன். இருபத்துமூன்று வருடத் தேங்காய்க்கு என்ன கணக்கு என்று கேட்டேன். "விடு தம்பி" என்றார் அன்ரி. எனக்கு விட மனம் வரவில்லை. இப்போது அவருடைய தங்கையின் மகள் அந்த வளவில் இருக்கிறா. அவவிடம் கேட்டு, தூர்ந்து கிடந்த கிணற்றை இந்த வருடம் இறைப்பித்தேன். கட்டு பாதிதான் எழும்பியிருக்கிறது, மாரி முடிய மிச்சத்தைக் கட்ட வேண்டும்.