எங்கள் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் நன்றாகக் குளிர்கிறது, தண்ணீர் வைத்தால் ஐஸ் ஆகிறது, ஆனால் கீழ்ப்பகுதி குளிர்வதில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நானே சரிசெய்ய முடியுமா? கதவின் ரப்பர் பட்டையை, அதாவது கேஸ்கட்டை, எப்படிச் சோதிப்பது?

ஃப்ரீசரில் தண்ணீர் வைத்தால் ஐஸ் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குளிரவைக்கும் கேஸும் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. அவசரப்பட்டு எதற்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானாக உருக்கிக்கொள்ளும்) வகை, வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும், வாரன்டி முடிந்திருக்கும், வந்தவர் பின்பக்கம் கை வைத்துப் பார்த்துவிட்டு "கம்ப்ரஸர் வீக்" என்று சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஆனால் இந்த ஒரு பழுதில் என் கை நன்றாகவே பட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவின் இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கித்தான் போட வேண்டும் என்பதால் ஃப்ரீசருக்கு மாற்றவும் வழியில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் எப்போதும் வைத்திருப்பேன். சும்மா தட்டில் வைத்தால் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அளவு ஏறி இறங்கும். தண்ணீருக்குள் இருந்தால் நிதானமாக நிற்கும். ஒரு திங்கட்கிழமை காலை அது 9 காட்டியது. மறுநாள் 13. மருந்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் ஐந்தே நிமிடத்தில், "கம்ப்ரஸர் மாத்தணும், இல்லேன்னா புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலே எல்லாம் கல்லாக உறைந்து கிடக்கிறது, கீழே வெதுவெதுவென்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கம்ப்ரஸர்தானே? அது தளர்ந்துபோயிருந்தால் மேலேயும் இளகியிருக்க வேண்டுமே?

பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தரையில் கிடக்க வேண்டும். ஃப்ரீசரைக் காலிசெய்து, உள்ளே பின்புறமிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினேன். தடுப்பு வரவே இல்லை. பின்னாலிருந்து ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்த பிறகு மெதுவாக ஆட்டி எடுத்தால், பின்னால் ஒரே வெள்ளைச் சுவர். குளிரை உண்டாக்கும் வளைகுழாயான கூலிங் காயிலின் ஒரு தகடுகூடத் தெரியவில்லை. விரல் கனத்துக்கு உறைபனி.

இந்த வகை ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் ஒரே ஒரு கூலிங் காயில்தான், ஃப்ரீசரின் பின்சுவரில். அதன் மேல் ஓடுகிற காற்றை ஒரு சின்ன ஃபேன் தள்ளி, ஒரு குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறது. காயிலில் பனி அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லை. ஃப்ரீசர் அந்தப் பனிக்கு ஒட்டியிருப்பதால் குளிர்ந்துகொண்டே இருக்கும், கீழே மட்டும் சூடேறும். இப்படிப் பனி சேராமல் இருக்கத்தான் கம்ப்ரஸர் ஓடுகிற ஆறு, எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை இருபது முப்பது நிமிடம் எரியவிடுகிறார்கள். அந்த வேலை நின்றுபோனால் வருவதுதான் உங்கள் பழுது.

காயிலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பனி காயில் முழுக்க ஒரே மாதிரி மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் (பனி உருக்கும் வேலை) கோளாறு. ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து, மீதிக் காயில் வெறுமனே இருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது. அப்போது தடுப்பை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பனியை உருக்க ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, வெளியே டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். ஐந்து மணி நேரம் ஆனது, வழியும் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தேன். தயவுசெய்து கத்தியோ ஸ்குரூடிரைவரோ வைத்துக் குத்தாதீர்கள். என் சித்தி மகன் அப்படிக் குத்தினான். "ஸ்ஸ்" என்று ஒரே ஒரு சத்தம். அலுமினியக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. பத்து வருடம் உழைத்திருக்க வேண்டிய ஃப்ரிட்ஜ் அன்றோடு முடிந்தது. அவன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மறுநாள் தெர்மாமீட்டர் 4 காட்டியது. அம்மாவிடம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். ஒன்பதாவது நாள் மறுபடி 9. எனக்குக் கிடைத்த உண்மையான துப்பே அந்த ஒன்பது நாள்தான். உருக்கினால் சரியாகி, கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது என்றால் ஹீட்டர், பைமெட்டல் (சூடானதும் ஹீட்டரை அணைப்பது), டைமர் (குறித்த நேரத்தில் ஹீட்டரை எரியவிடுவது) இந்த மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். சில மாடல்களில் இவற்றோடு சூடு மீறினால் அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃப்யூஸும் இருக்கும்.

மின் இணைப்பு இருக்கிறதா, மின்தடை எத்தனை ஓம் என்று காட்டும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஹீட்டரை முதலில் பார்த்தேன். அதன் மேல் 150 வாட் என்று அச்சிட்டிருந்தது. 230 வோல்ட்டை 230ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் ஏறக்குறைய 353 ஓம் வர வேண்டும். மீட்டர் 349 காட்டியது. நல்ல ஹீட்டர்.

அடுத்தது பைமெட்டல். காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் வட்டமான சின்னத் துண்டு. காயில் போதுமான சூடானதும் ஹீட்டரை அணைப்பது இதன் வேலை. மீட்டரை வைத்தேன், இணைப்பே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று புதிது வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு முன் சும்மா புதியதிலும் மீட்டரை வைத்துப் பார்த்தால் அதிலும் இணைப்பு இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தேன், அது தப்பு. பைமெட்டல் குளிரில்தான் மூடும் (இணைப்பு வரும்), அறைச்சூட்டில் திறந்துதான் (இணைப்பில்லாமல்) இருக்கும். ஒரு பாத்திரத்தில் ஐஸையும் உப்பையும் கலந்து (உருகுகிற வெறும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும், உப்புச் சேர்த்தால் நன்றாகவே இறங்கும்) பழையது, புதியது இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே புதைத்தேன். சில நிமிடத்தில் "டிக்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பழையதும் மூடியது. அதாவது என் பைமெட்டலிலும் கோளாறில்லை. இதை யாரும் சொல்லித்தராததால் ஒரு பாகத்தை வீணாக வாங்கினேன். நீங்கள் வாங்க வேண்டாம்.

மிச்சம் டைமர். கீழ்ப்பகுதியின் கன்ட்ரோல் பெட்டிக்குள்ளோ, ஃப்ரிட்ஜின் அடியிலோ இருக்கும். நடுவில் ஸ்குரூடிரைவர் நுழைகிற மாதிரி ஒரு குமிழ். மூடிக்கு வெளியிலிருந்தே திருப்ப ஓட்டை விட்டிருப்பார்கள். பிளக்கை மாட்டிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் "டக்" என்று கம்ப்ரஸர் நின்றது. காதை ஃப்ரீசர் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி "சொய்... சொய்..." என்று கேட்டது. ஹீட்டர் எரிகிறது! கையால் திருப்பினால் எரிகிறது, தானாக அந்த இடத்துக்கு வருவதில்லை. குமிழைத் திரும்ப நகர்த்தி, கம்ப்ரஸர் ஓடுகிற நிலையில் குமிழுக்கும் மூடிக்கும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். ராத்திரி படுக்கும் முன் பார்த்தேன், கோடு நேராக இருந்தது. விடியற்காலையில் பார்த்தேன், அப்படியே நேராக இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் செத்துப்போயிருந்தது.

டைமரை மாற்றுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இணைப்பு இருக்கிறபடியே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, நாலு வயரை ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டைமர்களில் மோட்டாருக்கு மின்சாரம் போகும் இணைப்பு முள் மாறுபடும், மணிக்கணக்கும் மாறுபடும். அதனால் பழையதைக் கையோடு எடுத்துப்போய், அதன் உடம்பில் உள்ள எண்ணைக் காட்டித்தான் கேட்க வேண்டும். மறுநாள் 4 டிகிரி. பத்தாவது நாளும் 4. அதற்குப் பிறகுதான் அம்மாவின் மருந்தைத் திரும்ப வாங்கி வந்து வைத்தேன்.

கேஸ்கட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று போகிறது. கிழியாமல் மடங்கிப்போன கேஸ்கட்டுக்குப் புதிது தேவையில்லை, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒத்திக் கையால் நிமிர்த்தினாலே பழைய வடிவத்துக்கு வரும். அதில் உள்ள காந்தத்துக்குப் பின்னால் ஒரு சோகமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்தான். விளையாடப் போன குழந்தைகள் உள்ளே மாட்டி இறந்தார்கள். அமெரிக்காவில் 1956இல் சட்டம் போட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்றார்கள். கைபட்டால் திறக்கும் காந்தக் கேஸ்கட் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடுகிறவர்கள் கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

"மின்சாரம் தெரியாதவர்களைத் தூண்டிவிடுகிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். தூண்டவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கம்ப்ரஸரில் போய்ச்சேரும் செம்புக் குழாய் உங்கள் எல்லை. இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் கேஸ் இருக்கிறது. அளவு சில பத்து கிராம்தான், ஆனால் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் தீச்சுடர் அடையாளம் இருந்தால் அதுதான். குழாயைத் தொட, கேஸ் நிரப்ப, குழாயைப் பற்றவைத்து ஒட்ட, முறையாகப் படித்தவர்தான் வேண்டும். கெபாசிட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், அதையும் தொடாதீர்கள். நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ஃபோன் செய்தது நான், கதவைத் திறந்தது நான், எந்த நாளில் எத்தனை டிகிரி என்று எழுதி வைத்த தாளை நீட்டியதும் நான். வந்தவர் அந்தத் தாளை வாங்கவே இல்லை. "சார் இல்லையா மேடம்?" என்று கேட்டு, என் கணவர் வந்த பிறகு அவரிடம்தான் பேசினார். என் கணவருக்கு ஃப்ரீசரில் தடுப்பு இருப்பதே தெரியாது. வங்கியில், வண்டி சர்வீஸில், தண்ணீர் மோட்டார் பார்க்க வருகிறவரிடம் என்று எல்லா இடத்திலும் இதே கேள்விதான். அந்தத் தாளில் இருந்த எண்களைப் பார்த்திருந்தால் அந்த மெக்கானிக்குக்கே பழுது புரிந்திருக்கும்.

பாகம் கிடைப்பது இன்னொரு ஆதங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், மாடல் விற்பனை நின்ற பிறகும் கதவுக் கேஸ்கட் 10 வருடம் கிடைக்க வேண்டும், அதைச் சாதாரண ஆட்களுக்கும் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இது எல்லா நாட்டிலும் வர வேண்டும். ஒரு ரப்பர் பட்டைக்காக முழு ஃப்ரிட்ஜையும் குப்பையில் போடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உங்களுக்கு: முதலில் பனியை முழுக்க உருக்குங்கள். பிறகு டைமர் குமிழில் பேனாக் கோடு போட்டு, கம்ப்ரஸர் ஓடும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். எட்டு மணி நேரம் விட்டுப் பார்த்தால் சில டைமர்களில் குமிழ் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும், ஏமாந்துவிடுவீர்கள். கோடு நகராவிட்டால் டைமர். நகர்ந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை அளந்து பாருங்கள், அப்புறம் ஐஸ், உப்பு, பைமெட்டல். உங்களுடையது டைமர் இல்லாத, எலக்ட்ரானிக் போர்டு வைத்த மாடல் என்றால் சென்சரும் போர்டும்தான் டைமரின் வேலையைச் செய்கின்றன. அதற்கு நான் சொன்ன கோடு உதவாது, ஆனால் ஹீட்டர் கணக்கு அதற்கும் பொருந்தும்.